கம்மிங்ல ஏரி இருக்குற சப்டிவிஷன்ல வீடு: மண் அணை வீட்டுக்காரங்க சங்கத்தோடதாம் (எச்.ஓ.ஏ.), வாங்கலாமா?

கம்மிங்_குடும்பஸ்தன்:
எல்லாருக்கும் வணக்கம். ஊர் கம்மிங், அமெரிக்காவுல ஜார்ஜியா, ஃபோர்சைத் கவுண்டி. ஒரு வீடு பிடிச்சுப்போய் ஆஃபர் போட்டு அக்செப்டும் ஆயிடுச்சு. 1980கள்ல வந்த சப்டிவிஷன் (குடியிருப்பு), ஸ்கூல் நல்ல ஸ்கூல், விலையும் நம்ம கைக்கு எட்டுது. உள்ளயே ஒரு ஏரி இருக்கு, பசங்க மீன் பிடிக்கலாம், கயாக் விடலாம்னு ரியல்டர் அம்மா ஒரே புகழ்ச்சி. எச்.ஓ.ஏ. பேப்பரைப் புரட்டுனா ஒரு வரி கண்ல பட்டுச்சு, ஏரியும் அதோட மண் அணையும் சங்கத்துப் பொதுச் சொத்து, பராமரிப்பும் சங்கத்துப் பொறுப்புன்னு. வீட்டம்மா அந்த வரியப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்குறாங்க. அணைன்னா கவர்மெண்ட் பாத்துக்காதா? ஹோம் இன்ஸ்பெக்டர் இதையும் சேர்த்துப் பாப்பாரா? ட்யூ டிலிஜென்ஸ் (விசாரிச்சுப் பாத்துட்டு வேணாம்னா விலகிக்கிற கெடு) இந்த வாரத்தோட முடியுது, தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

ஓட்டைவாய்:
ப்ரோ அணைன்னா மேட்டூர், ஹூவர்னு இருக்கணும். இது வாத்து நீந்துற குளம். கண்ண மூடிட்டு வாங்குங்க, ஹவுஸ்வார்மிங்குக்கு மறக்காம கூப்பிடுங்க 😀

மண்ணும்நீரும்:
நான் ஜியோடெக் (மண், கரை சம்பந்தமான) இன்ஜினியர், இந்த மாதிரி குட்டி அணைங்கதான் எனக்குச் சோறு போடுது, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கங்க.

முதல்ல ஓட்டைவாய்க்கு. 100 ஏக்கர்-அடி (ஒரு ஏக்கர்ல ஒரு அடி ஆழத்துக்கு நிக்கிற தண்ணி ஒரு ஏக்கர்-அடி) பிடிக்கிற ஏரிய இந்த ஊர்ல யாரும் பெருசுன்னு சொல்ல மாட்டான். லிட்டர்ல 12 கோடிக்கு மேல. சென்னையில தெருத்தெருவா வருதே 12,000 லிட்டர் லாரி, அதுல பத்தாயிரம் லாரி ஒண்ணா வந்து உங்க தெருவுல வால்வ திறந்த மாதிரி. கரை உடைஞ்சா அது நாள் கணக்குலயா வரும், ஒரு மணி நேரத்துக்குள்ளயே முக்காவாசி வந்து சேர்ந்துடும்.

கவர்மெண்ட் பாத்துக்காதான்னு கேட்டீங்க. அமெரிக்கா முழுக்க பதிவுல இருக்குற அணை 90,000க்கு மேல, அதுல பாதிக்கு மேல தனியாரோடது. விவசாயி, மீன்பிடி கிளப், சர்ச் கேம்ப், எச்.ஓ.ஏ., இப்படி யாரோ ஒருத்தர். பதிவுலயே வராத குட்டிக் கரைங்க தனிக் கணக்கு. ஜார்ஜியாவுல 25 அடி உயரமாவது இருக்கணும், இல்லைன்னா 100 ஏக்கர்-அடி கொள்ளளவாவது இருக்கணும், அப்பதான் சட்டம் திரும்பியே பாக்கும். அதுலயும் உடைஞ்சா உயிர் போகும்னு முடிவு பண்ண முதல் வகைக்குத்தான் பர்மிட், கெடுபிடி எல்லாம். ரெண்டாம் வகைன்னா லிஸ்ட்ல பேர் இருக்கும், கீழ புதுசா வீடு ஏதும் முளைச்சிருக்கான்னு இடையில எப்பவாவது வந்து பாப்பாங்க, அதோட சரி. பக்கத்துல அலபாமாவுல இதுக்குன்னு ஒரு ஸ்டேட் புரோகிராமே இல்லாமத்தான் ரொம்ப வருஷம் ஓட்டுனாங்க.

இந்த வகை பிரிக்கிறத நிறைய பேர் தப்பா படிக்கிறாங்க. முதல் வகைன்னா கரை மோசம், ரெண்டாம் வகைன்னா கரை ஸ்ட்ராங், அப்படிக் கிடையாது. கரை எப்படி இருக்குன்னு அதுல ஒரு வார்த்தையும் இல்ல, கீழ யார் இருக்காங்கன்னுதான் கணக்கு. 1960ல ஒரு விவசாயி மாட்டுக்குத் தண்ணி காட்ட மண்ணு தள்ளிக் கட்டுன கரை, கீழ வெறும் புல்வெளி, உடைஞ்சா ரெண்டு வேலிக்கம்பம் போகும், ரெண்டாம் வகை. அப்புறம் பில்டர் வந்து அந்தப் புல்வெளியில நாப்பது வீடு கட்டுறான், கரை அதே கரைதான், ஒரு கல் நகரல, ஆனா முதல் வகைக்குப் போயிடும். போனதும் ஸ்டேட் கடுதாசி போடும், இவ்வளவு பெரிய மழையத் தாங்குற மாதிரி ஸ்பில்வேய (மிச்சத் தண்ணி வெளியேறுற வழி) மாத்து, பைப்ப மாத்துன்னு. பில்டர் என்னைக்கோ கணக்க முடிச்சிட்டுப் போயிருப்பான், பில்லு வர்றது சங்கத்துக்கு.

ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்க வீடு ஏரியப் பாத்த மாதிரி இருக்கா, இல்ல வேற எங்கயாவதா?

கம்மிங்_குடும்பஸ்தன்:
ரொம்ப நன்றி சார். ஏரியப் பாத்த வீடெல்லாம் நம்ம பட்ஜெட்டுக்கு மேல. இது கடைசித் தெரு, பின்னாடி மரத்துக்கு நடுவுல சின்ன ஓடை ஒண்ணு போகுது, வாக்அவுட் பேஸ்மெண்ட் (பின்பக்கம் நேரா வெளிய போற கீழ்த்தளம்). ஏரிக்குப் போக ஒரு நடைபாதை இருக்கு, கொஞ்சம் மேடு ஏறிப் போகணும், ஏறுனதும் தண்ணி தெரியும், வியூ சூப்பரா இருக்கும்.

மண்ணும்நீரும்:
நீங்க ஏறுன மேடுதான் சார் அணை.

ஓட்டைவாய்:
ஐயோ

போர்டுமெம்பர்_அக்கா:
தம்பி, நான் ஆல்ஃபரெட்டா பக்கம் ஒரு எச்.ஓ.ஏ. போர்டுல இருக்கேன், எங்ககிட்டயும் ஏரி இருக்கு. இன்ஜினியரிங் அவர் சொல்லட்டும், நான் காசு பத்திச் சொல்றேன். ஹோம் இன்ஸ்பெக்டர் அணையத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டார், அவருக்கு கூரை, ஃபர்னஸ், கரையான், அவ்வளவுதான். நீங்க கேட்க வேண்டியது சங்கத்தோட ரிசர்வ் ஸ்டடி, பின்னால வர்ற பெரிய செலவுக்கு எவ்வளவு சேக்கணும்னு போடுற கணக்கு. அதுல நீச்சல் குளம் பிளாஸ்டர், டென்னிஸ் கோர்ட் பெயிண்ட், என்ட்ரன்ஸ் போர்டு எல்லாத்துக்கும் இத்தனை வருஷத்துக்கு இவ்வளவுன்னு எழுதியிருப்பாங்க. அணைன்னு ஒரு வரி இருக்கான்னு தேடுங்க. எங்களோடதுல இல்லவே இல்ல. கரைக்குள்ள போற பைப் ஓட்டையாயிடுச்சுன்னு தெரிஞ்ச அன்னைக்கு எங்க கையில இருந்த பணத்துல இன்ஜினியர் ஃபீஸ் கட்டத்தான் முடிஞ்சது. மிச்சத்துக்கு வீட்டுக்கு வீடு ஸ்பெஷல் அசெஸ்மென்ட், அதாவது தனி வசூல். அந்த மீட்டிங்ல நடந்த கூத்து இருக்கே, ஏரியப் பாத்த வீட்டுக்காரங்க எல்லாரும் சமமா போடணும்ங்கிறாங்க, நாங்க தண்ணியையே பாத்ததில்ல எதுக்குக் குடுக்கணும்னு மேட்டுத்தெருக்காரங்க, ரெண்டு வீட்டுக்காரர் வக்கீல் நோட்டீஸே விட்டாங்க. ஏரியே வேணாம், அணைய வெட்டி விட்டுட்டுப் பழையபடி ஓடையாவே இருக்கட்டும்னு ஒரு பெரியவர் சொன்னார், எல்லாரும் அவர் மேல பாஞ்சாங்க. எனக்கென்னவோ அன்னைக்கு அந்த ரூம்ல நியாயமா பேசுன ஒரே ஆள் அவர்தான்னு இன்னைக்கும் தோணுது. அதுக்கும் இன்ஜினியர் டிசைன், பர்மிட் எல்லாம் வேணும்ங்கிறது வேற கதை.

மதுரை_மைந்தன்77:
சந்தேகம் ஒண்ணு சார். அமெரிக்காவுல மண் அணையில மரமே இருக்கக் கூடாதுன்னு எங்கயோ படிச்சேன். எங்க ஊர் கண்மாய்க் கரையில பனை வரிசையா நிக்கும், தாத்தா காலத்துக்கு முந்தியே நட்டது, கரையப் பிடிச்சு வச்சுக்கும்னுதானே சொல்லுவாக? யாரு சரி?

மண்ணும்நீரும்:
ரெண்டும் சரிதான் அண்ணே. பனை வேர் சல்லி வேர், கொத்தா இறங்கும், தடியா நீளமா பக்கவாட்டுல ஓடாது. இங்க கரையில நிக்கிறது ஓக், பைன், மேப்பிள். தொடை தண்டி வேர் கரைக்குள்ள குறுக்கால ஓடும். உயிரோட இருக்குறவரைக்கும் பரவால்ல, மரம் செத்ததும் வேர் மக்கிப்போய் உள்ள காலியா ஒரு குழாய் மாதிரி நிக்கும், தண்ணிக்கு ரோடு போட்டுக் குடுத்த கதைதான். புயல்ல மரம் வேரோட சாஞ்சா கரையில பாதிய அள்ளிட்டுப் போயிடும். அதுக்காக நாளைக்கே ரம்பத்த எடுத்துட்டுப் போயிடாதீங்க. பெரிய மரத்த வெட்டி அடிக்கட்டைய அப்படியே விட்டா அதுவும் மக்கும். வேரத் தோண்டி எடுத்து, குழிய நல்ல மண்ணால லேயர் லேயரா இடிச்சு மூடணும், அந்த வேலைக்கு ஏரித் தண்ணியக் கொஞ்சம் இறக்கியும் வைக்கணும். விரல் தண்டியில இருக்கும்போதே புல்லோட புல்லா வெட்டிட்டா செலவே இல்ல, அத யாரும் செய்யுறதில்ல.

ஓட்டைவாய்:
சரி, கிண்டல் போதும், நிஜமாவே கேக்குறேன். இந்த மாதிரி குட்டி அணை உடைஞ்சு ஆள் செத்ததெல்லாம் இந்தப் பக்கம் நடந்திருக்கா, இல்ல தியரியா?

மண்ணும்நீரும்:
டொக்கோவா ஃபால்ஸ் போயிருக்கீங்களா? அட்லாண்டாவுல இருக்குற நம்ம ஆளுங்க டல்லுலா கார்ஜ் போறப்போ வழியில நின்னு போட்டோ எடுப்பாங்களே, 186 அடி அருவி. அதுக்கு மேல இருந்ததுதான் கெல்லி பார்ன்ஸ் அணை, கிட்டத்தட்ட 40 அடி மண் கரை. அருவிக்குக் கீழ பைபிள் காலேஜ், அணையும் அந்தக் காலேஜோடதுதான். கரண்ட் எடுக்கக் கட்டி, 1957லயே அதை நிறுத்திட்டு, அப்புறம் சும்மா அழகுக்கு ஏரியா வச்சிருந்தாங்க. 1977 நவம்பர் 6, நல்ல மழைக்கு அப்புறம் ராத்திரி ஒண்ணரை மணிக்கு உடைஞ்சு தண்ணி அருவி வழியா இறங்குச்சு. காலேஜ் குடும்பங்க டிரெய்லர் வீடுகள்ல தூங்கிட்டு இருந்தாங்க. 39 பேர் செத்தாங்க. விசாரணைக் குழுவால இதுதான் காரணம்னு ஒண்ண மட்டும் கை காட்ட முடியல. கீழ்ச்சரிவு ரொம்பச் செங்குத்து, மரம் வளந்து கிடந்துச்சு, சில வருஷம் முன்னாடி எடுத்த போட்டோவுலயே அந்தச் சரிவுல மண் சரிஞ்சது தெரியுது. போட்டோ எடுத்தவனுக்கும் அது என்னன்னு தெரிஞ்சிருக்காது.

அப்ப ஜிம்மி கார்ட்டர்தான் ஜனாதிபதி, இந்த மண்ணோட ஆளு. நாடு முழுக்க ஆபத்தான இடத்துல இருக்குற தனியார், லோக்கல் அணைகளப் பாருன்னு ராணுவ இன்ஜினியர்களுக்கு உத்தரவு போட்டார். அப்படிப் பாக்கணும்னு 1972லயே சட்டம் வந்தாச்சு, காசுதான் ஒதுக்கல. பாத்தது 8,800 சொச்சம் அணை, அதுல மூணுல ஒண்ணு பாதுகாப்பு இல்லைன்னு வந்துச்சு. ஜார்ஜியாவோட அணைச் சட்டமும் 1978ல அந்தச் சாவுக்கு அப்புறம் வந்ததுதான்.

கொலம்பியா_பழசு:
தியரியான்னு கேட்டவருக்கு. நாங்க 2015ல சவுத் கரோலினா, கொலம்பியாவுல இருந்தோம். அக்டோபர் முதல் வாரம். சனிக்கிழமை முழுக்க மழை, ராத்திரியும் நிக்கல, ஊர்ல சில இடத்துல ரெண்டு நாள்ல 15 அங்குலத்துக்கு மேல. ஞாயித்துக்கிழமை காலையில போன் அலாரம் விடாம அடிக்குது, இந்த ஏரி உடைஞ்சிருச்சு, அந்த ஏரி உடையப் போகுது, கீழ இருக்குறவங்க உடனே கிளம்புங்கன்னு. கில்ஸ் கிரீக்னு ஒரு ஓடை, அது மேல வரிசையா குட்டி குட்டி ஏரிங்க, ஒண்ணுக்கு கீழ ஒண்ணு. நிறைய தனியாரோட ஏரி, வீட்டுக்காரங்க சங்கத்தோடது. மேல ஒண்ணு போனா அதோட தண்ணி மொத்தமும் அடுத்ததுக்கு வரும், அது ஏற்கெனவே தளும்பிக்கிட்டு நிக்குது, அப்புறம் என்ன. மாநிலம் முழுக்க 50 அணை வாக்குல போச்சு, எல்லாமே நீங்க குளம்னு சொல்றீங்களே அந்த சைஸ்தான். வெள்ளத்துல மொத்தம் 19 பேர் செத்தாங்க, நிறைய பேர் கார்ல போயி மாட்டுனவங்க. அத்தனை தண்ணி, குடிக்க மட்டும் தண்ணியில்ல, கால்வாய்க் கரை உடைஞ்சதுல ஊருக்கே சப்ளை போச்சு, காய்ச்சிக் குடின்னுட்டாங்க, காஸ்ட்கோ வாசல்ல பாட்டில் தண்ணிக்கு நம்ம ஊரு ரேஷன் கடை மாதிரி கியூ.

எங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகல, மேட்டுல இருந்தோம். ஃப்ரெண்டோட வீடு ஒரு அணைக்குக் கீழ. தண்ணி வடிஞ்சப்புறம் சாமான் அள்ளப் போனேன், அவர் லிவிங் ரூம்ல முழங்கால் வரைக்கும் சேறு, சோஃபா மேல செத்த மீனு. மேல போயி ஏரியப் பாத்தா ஏரியே இல்ல. சேத்துல போட்டெல்லாம் சாஞ்சு கிடக்கு, கரையில நடுவுல ஆங்கில வி மாதிரி ஒரு வெட்டு, அதுக்கு ரெண்டு பக்கமும் தார் ரோடு அந்தரத்துல தொங்குது. அங்கதான் அடுத்த சண்டை ஆரம்பிச்சது. ரோடு கவர்மெண்டோடது, ரோட்டத் தாங்குற கரை சங்கத்தோடது. சங்கம் கரையக் கட்டுனா நாங்க ரோடு போடுறோம்னு கவர்மெண்ட், நீங்க ரோடு போடுங்க அப்புறம் பாப்போம்னு சங்கம். சில ஏரி வருஷக் கணக்குல வறண்டு களை மண்டித்தான் கிடந்துச்சு. லேக்ஃப்ரண்ட்னு காசு குடுத்து வாங்குனவங்களுக்கு புதர்ஃப்ரண்ட்.

அப்புறம் ஒண்ணு, ஃப்ரெண்டு ஃபிளட் இன்சூரன்ஸ் எடுக்கல. அவர் வீடு வெள்ள மேப்ல எக்ஸ் ஜோன் (வெள்ள அபாயம் கம்மின்னு குறிச்ச இடம்), பேங்க் கேக்கல, அவரும் விட்டுட்டார்.

போர்டுமெம்பர்_அக்கா:
இத நான் பெரிய எழுத்துலயே எழுதணும். சாதாரண வீட்டு இன்சூரன்ஸ்ல வெள்ளம் வராது, அணை உடைஞ்சு வர்ற தண்ணியும் வெள்ளம்தான். ஃபெமா (மத்திய அரசோட பேரிடர் ஏஜென்சி) மேப் போடுறது மழை வெள்ளத்துக்கு, அணை உடைஞ்சா எங்கெல்லாம் தண்ணி வரும்னு அதுல இருக்காது. தனியா ஃபிளட் பாலிசி எடுத்தா 30 நாள் கழிச்சுத்தான் நடைமுறைக்கு வரும், வீட்டு லோன் குளோசிங்கோட சேர்த்து எடுத்தா அந்தக் காத்திருப்பு இல்ல. தம்பி, வாங்குறதா இருந்தா குளோசிங்லயே எடுத்துடுங்க.

கம்மிங்_குடும்பஸ்தன்:
எல்லாரும் பயமுறுத்துறீங்க, ஆனா நன்றி. சனிக்கிழமை நானும் மாமனாரும் நேர்ல போயிப் பாக்கலாம்னு இருக்கோம். அவர் ஊர்ல பி.டபிள்யூ.டி.யில இருந்து ரிட்டயர் ஆனவர், இப்ப இங்கதான் வந்திருக்கார். எதெல்லாம் பாக்கணும்?

மண்ணும்நீரும்:
மாமனார் வர்றாரா, அப்ப பாதி வேலை முடிஞ்சது. கரை, கலிங்கு, மதகு மூணும் இங்கயும் அதேதான், பேர்தான் வேற.

முதல்ல கரையோட உச்சியில ஒரு முனையில இருந்து மறு முனைக்கு நடங்க, நேரா மட்டமா இருக்கா, எங்கயாவது உள்வாங்கியிருக்கான்னு பாருங்க, நடுவுல பள்ளமா இருந்தா பெருவெள்ளத்துல தண்ணி ஏறி விழற இடம் அதுதான். அப்புறம் ஏரிக்குள்ள கரையோரமா ஒரு கான்கிரீட் தொட்டியோ இரும்புத் தொட்டியோ நிக்கும், தண்ணி அதுக்குள்ள விழுந்து கரைக்கு அடியில ஒரு பைப் வழியா கீழ போகும். 80கள்ல போட்டதுன்னா அந்தப் பைப் பெரும்பாலும் நெளிநெளியா இருக்குற தகரக் குழாய். அது துருப்பிடிக்கும், அடிப்பக்கம் முதல்ல போகும், ஓட்டை விழுந்ததும் சுத்தியிருக்குற மண்ணு கொஞ்சம் கொஞ்சமா உள்ள இழுத்துக்கிட்டுப் போகும், வெளியில ஒண்ணும் தெரியாது, ஒரு நாள் பைப்புக்கு நேர் மேல கரையில ஒரு குழி விழும், புல்லு வெட்டுறவன் எலி வளைன்னு மண்ணு போட்டு மூடிட்டுப் போவான். அந்த மாதிரி குழி மூடுன தடம் இருந்தா எனக்குப் போட்டோ அனுப்புங்க. பைப் வெளிய வர்ற முனைக்கு இறங்கிப் போய் பைப்புக்கு வெளிப்பக்கமா, அதை ஒட்டித் தண்ணி வருதான்னு பாருங்க. கரையோட அடிவாரத்துல ஈரம், சம்பு, தவளைன்னு இருந்தா எங்கயோ கசியுது. மண் கரைன்னா கொஞ்சம் கசியும், தெளிஞ்ச தண்ணியா எப்பவும் ஒரே அளவுல வந்தா கண்காணிச்சாப் போதும். கலங்கலா வந்தா கரை உள்ளுக்குள்ள கரையுதுன்னு அர்த்தம், அப்ப எச்.ஓ.ஏ.வுக்கு மெயில் போட்டுட்டு உக்காந்திருக்கக் கூடாது, 911.

கடைசியா அவசர ஸ்பில்வே, நம்ம கலிங்கு. கரையோட ஒரு ஓரத்துல புல்லு முளைச்ச அகலமான வாய்க்கால் மாதிரி இருக்கும், வருஷக் கணக்குல தண்ணியே வராது, அதனால யாருக்கும் அது என்னன்னே தெரியாது. அதுல வேலி போட்டிருக்காங்களா, ஊஞ்சல் போட்டிருக்காங்களா, மண்ணு அடிச்சு மட்டம் பண்ணிட்டாங்களான்னு பாருங்க. ஹவாயில, காவாய் தீவுல, கா லோகோன்னு ஒரு தனியார் அணை 2006 மார்ச்ல உடைஞ்சு 7 பேர் செத்தாங்க, அங்க ஸ்பில்வேய மண் போட்டு மூடிட்டாங்கன்னுதான் கேஸே நடந்துச்சு. மீன் தப்பிச்சுப் போகாம இருக்க வாயில வலை கட்டியிருந்தாலும் சொல்லுங்க. 1889ல பென்சில்வேனியாவுல ஜான்ஸ்டவுனுக்கு மேல இருந்த அணையில பணக்காரங்க கிளப் ஒண்ணு அதைத்தான் பண்ணியிருந்துச்சு, கரையையும் வண்டி போறதுக்குத் தாழ்த்தி வச்சாங்க, அடிக்குழாயெல்லாம் அதுக்கு முன்னாடியே பிடுங்கி வித்தாச்சு, வலையில குப்பை அடைச்சு தண்ணி கரை மேல ஏறுச்சு. 2,209 பேர் செத்தாங்க. கிளப்காரங்க மேல கோர்ட்டுல ஒண்ணும் நிக்கல.

கம்மிங்_குடும்பஸ்தன்:
அப்டேட். போயிட்டு வந்தோம். மாமனார் கரைய ரெண்டு தடவ நடந்து பாத்துட்டு, கரைக்காரன் யாருன்னு கேட்டார். அப்படி யாரும் இல்ல மாமா, மேனேஜ்மென்ட் கம்பெனி இருக்குன்னேன். முகமே மாறிப்போச்சு. கரை மட்டமாத்தான் இருக்கு, கீழ்ச்சரிவுல பைன் மரம் நிறைய, கட்டிப்பிடிக்க முடியாத சைஸ்ல ரெண்டு. கலிங்கு வாயில ஒருத்தர் வீட்டு டிராம்போலினும் மரவேலியும். பைப் முனைய ஒட்டி தண்ணி வெளிய வருது, தெளிவாத்தான் இருக்கு, மாமனார் கையில அள்ளிப் பாத்தார், மணல் தட்டுதுங்குறார். கம்பெனிக்கு மெயில் போட்டு அணை இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் கேட்டேன், புல்லு வெட்டுற கான்ட்ராக்ட அனுப்பியிருக்காங்க. ரிசர்வ் ஸ்டடியில அக்கா சொன்ன மாதிரியே அந்த வரி இல்ல. ராணுவ இன்ஜினியர் வெப்சைட் மேப்ல தேடுனா அணை இருக்கு, நாலு எழுத்துல ஒரு பழைய பேரோட, ஆனா ஆபத்து கம்மின்னு இருக்கு, ஸ்டேட் கணக்குல ரெண்டாம் வகைதான் போல. நாங்க வாங்கப் போறது போன வருஷம் கட்டுன வீடு சார், பழைய சப்டிவிஷன்ல கடைசியா மிச்சம் இருந்த தெருவுல.

மண்ணும்நீரும்:
மணல் தட்டுதுன்னா இன்னைக்கே ஸ்டேட் சேஃப் டேம்ஸ் (அணைப் பாதுகாப்பு) ஆபீசுக்குப் போன் பண்ணுங்க, வாங்குறீங்களோ இல்லையோ. அந்தத் தெருவுல ஏற்கெனவே குடி வந்தவங்க இருக்காங்க. கம்பெனிக்கும் எழுத்துல அனுப்பி வைங்க. தண்ணிய இறக்கச் சொல்லுவாங்க, சங்கத்துல யாராவது ஆர்வக்கோளாறுல ஒரே நாள்ல மொத்தமும் திறந்து விட்டுடப் போறாங்க, ஒரு நாளைக்கு ஒரு அடிக்கு மேல இறங்குனா உள்பக்கச் சரிவு ஊறுன மண்ணோட சரியும். வால்வு வேலை செய்யுமாங்கிறதே சந்தேகம், இல்லைன்னா சைஃபன் போட்டு எடுக்கலாம். வீடு பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல, முதல் வகைக்கு ரீக்ளாசிஃபை ஆகப் போற அணைக்குக் கீழ, அதுக்குக் காசு சேக்காத சங்கத்துல உறுப்பினரா ஆகப் போறீங்க, ரெண்டு பக்கமும் அடி உங்களுக்குத்தான்.

கம்மிங்_குடும்பஸ்தன்:
போன் பண்ணிட்டேன், ஆள் அனுப்புறதா சொன்னாங்க. ஆஃபர டெர்மினேட் பண்ணியாச்சு. ரியல்டர் அம்மா பேசவே இல்ல. பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட விஷயத்தச் சொன்னோம், குஜராத்திக்காரர், நாலு மாசம் ஆச்சாம் வந்து. அவரும் அதே மேட்டுல தினமும் வாக்கிங் போறாராம்.

சார்லட்_சரவெடி:
இழைய இப்பதான் பாத்தேன். எங்க வீட்டுக்குப் பின்னாடி மழைத்தண்ணி தேங்குற ஸ்டார்ம்வாட்டர் பாண்ட், மழை இல்லைன்னா காஞ்சு கிடக்கும். இதுக்கும் இந்தக் கதையெல்லாம் உண்டா?

மண்ணும்நீரும்:
உண்டு. கரை எத்தனை அடி, வெளிப்பக்கம் அடிவாரத்துல இருந்து அளந்து சொல்லுங்க, கீழ்ப்பக்கம் முதல் வீடு எவ்வளவு தூரம்னும் சொல்லுங்க. பைப் முனைய ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க.